முடியுமா என்று கேட்டேன்

நல்ல மனுஷன் என்று பெயர் வாங்குவதற்கு உலகத்தில் சில சுலபமான உபாயங்கள் இருக்கின்றன. கஷ்டப்பட்டு வேலை செய்கிறவரைப் பார்த்து, "முடியுமா? முடியாவிட்டால் விட்டுவிடுங்களேன்" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அவற்றில் ஒன்று. அவர் "முடியும்" என்று சொல்லிவிட்டால் நம் மனச்சாட்சி சுத்தமாகிவிடுகிறது, வேலையும் நடந்துவிடுகிறது. இரட்டை லாபம். இந்த உபாயத்தை நான் ரொம்ப நாளாக அநுசரித்து வந்தவன். ஓர் ஆனி மாதத்தில் அது என்னைக் கைவிட்டது.

கீழ்வேளூர் ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு நிலம் எதற்கு என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. அப்பா வைத்துவிட்டுப் போனது, விற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அன்றைக்குக் குறுவை நடவு. நான் வாய்க்கால் கரையில் பூவரச மரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். (நாற்காலியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொல்வதுதான் நியாயம்.)

மணி பதினொன்றரை இருக்கும். நாகப்பட்டினம் கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் காற்று என்று ஒன்று அன்று இல்லை. கடலிலிருந்து ஈரம் மட்டும் வந்து வயலின் மேல் கம்பளி மாதிரி படுத்திருந்தது. பதினான்கு பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவளை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அவள் நாற்றை ஊன்றுகிற அழகே தனி. அன்று அந்தக் கையில் ஏதோ கோணல். நட்ட இடத்திலேயே மறுபடியும் நட்டாள். பிறகு ஒரு முழம் சும்மா விட்டாள். கை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கையை ஓட்டுகிறவர் மட்டும் எங்கோ போய்விட்டார் போல இருந்தது.

"ஏம்மா, முடியுதா? வேணும்னா கரையேறி உட்காருங்களேன்" என்றேன்.

"முடியுதுங்க. இன்னும் நாலு கட்டுதானே. முடிச்சுட்டு ஏறிக்கிறேன்" என்றாள். குரலில் தள்ளாட்டம் இல்லை. தெளிவாகத்தான் சொன்னாள்.

பத்து நிமிஷத்தில் சேற்றில் விழுந்தாள். தூக்கும்போது உடம்பு அடுப்புச் சட்டி மாதிரி சுட்டது. ஆஸ்பத்திரியில் உடம்புச் சூடு நாற்பது டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது என்றார்கள். பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது என்று நடவுக்கு வருவதில்லை.

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பழம், ரொட்டி, கொஞ்சம் பணம். பேச்சுவாக்கில், "நான் அப்பவே கேட்டேனே, நீங்கதானே முடியும்னீங்க" என்றேன். அதில் அநுதாபம் இருந்த அளவுக்குத் தற்காப்பும் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். "நீங்க கேட்டீங்களா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்களே" என்றாள்.

அப்படியானால் எனக்குப் பதில் சொன்னது யார்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் சில மாதங்கள் திண்டாடினேன். விளக்கம் கிடைத்தது வேதாந்தப் புத்தகத்திலிருந்து அல்ல, ஆகாய விமானத்திலிருந்து.

என் அக்கா பிள்ளை விமானப்படையில் போர் விமானம் ஓட்டுகிறவன். லீவில் வந்திருந்தான். மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது கிழக்கே கடலைப் பார்த்து ஒரு விமானம் உறுமிக்கொண்டு போயிற்று. தஞ்சாவூர் விமானத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய் விமானப் பிரிவு ஒன்று இருக்கிறது. எப்போதாவது எங்கள் பக்கம் இந்தச் சத்தம் கேட்கும். "உனக்கென்னப்பா, மேலே குளுகுளுவென்று இருக்கும்" என்றேன். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சின்னப் பையனுக்குச் சொல்வது போல நிதானமாக எனக்குச் சொன்னான்.

மேலே குளிர்ச்சி என்பது உண்மைதான். ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் சுமார் ஆறரை டிகிரி குறைகிறது. ஆனால் போர் விமானி எப்போதும் அவ்வளவு உயரத்தில் இருப்பதில்லை. முதலில் தரையில் காத்திருக்க வேண்டும். அவன் தலைக்கு மேலே இருப்பது கண்ணாடிக் கூடு. சூரியனை உள்ளே விடுகிறது, சூட்டை வெளியே விடுவதில்லை. நெருப்புப் பிடிக்காத அங்கி, அதன் மேல் கால்களையும் வயிற்றையும் இறுக்குகிற உடுப்பு, தலைக்கவசம், கையுறை, வார்கள். இத்தனைக்குள்ளும் உடம்பு வியர்க்கிறது. வியர்வை ஆவியாகப் போவதற்குத்தான் வழி இல்லை. உள்ளே குளிர்ந்த காற்றைத் தருவது எஞ்சின். தரையில் அது மெதுவாக ஓடுகிறபோது குளிர்ச்சியும் பேருக்குத்தான். வெளியே நாற்பது டிகிரி என்றால் உள்ளே ஐம்பதைத் தாண்டுவது ஆச்சரியம் இல்லை. கிளம்பிய பிறகும் தரையை ஒட்டித் தாழ்வாகப் பறக்க வேண்டியிருந்தால், அடர்ந்த சூடான காற்றை உரசிக்கொண்டு போகிற வேகத்திலேயே விமானத்தின் மேல்தோல் காய்கிறது. இதற்கெல்லாம் மேலே, இடையில் ஒன்றுக்குப் போவது சிரமம் என்று விமானிகள் கிளம்புமுன் தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும் உண்டாம். இதைக் கேட்டபோது எனக்கு நடவுப் பெண்கள் ஞாபகம் வந்தது. அவர்கள் தண்ணீர் குடிக்காததற்கும் அதே காரணம்தான். திறந்த வயலில் பெண்பிள்ளைகள் எங்கே ஒதுங்குவார்கள்?

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உடம்பு சூடேறினால் இரத்தம் தோலுக்கு ஓடுகிறது, சூட்டை வெளியே கொட்ட. அந்தச் சமயத்தில் விமானி ஒரு கூர்மையான திருப்பம் திருப்பினால், உடம்பின் எடை ஐந்து மடங்கு ஆறு மடங்கு ஆகி, இரத்தம் காலுக்கு இறங்குகிறது. மூளைக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம். வியர்த்து வியர்த்து இரத்தமே குறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம். ஒரு குடும்பத்துச் சம்பளத்துக்கு மூன்று கடன்காரர்கள் வந்து நிற்கிற மாதிரி. கண் இருட்டுவது அப்போதுதான். அதற்கும் அடுத்தது முழு மயக்கம். ஆனால் என் மருமகன் பயப்படுவது இதற்கு அல்லவாம். இதற்கு முன்னால் வருகிற ஒரு நிலை இருக்கிறது. ஆள் விழித்திருப்பான், பேசுவான், ரேடியோவில் பதில் சொல்லுவான். ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முள்ளைப் பார்க்க மறந்துவிடுவான். செய்ததையே மறுபடி செய்வான்.

"நட்ட இடத்திலேயே மறுபடி நடுவான்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "எங்களை யாரும் முடியுமான்னு கேட்கமாட்டாங்க, மாமா" என்றான். "கேட்டா ஒருத்தனும் முடியாதுன்னு சொல்லமாட்டான். அது அவங்களுக்குத் தெரியும்."

கேட்பதற்குப் பதிலாக ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். இந்த வகையில் பேர்போனது 1979-ல் அமெரிக்க விமானப்படைக்காகத் தயாரானது. தரையில் உள்ள உஷ்ணம், காற்றிலுள்ள ஈரம், இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஓர் எண் வரும். எண் எச்சரிக்கைக் கட்டத்தில் விழுந்தால் விமானி தரையில் காத்திருக்கிற நேரம் 90 நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. அபாயக் கட்டத்தில் விழுந்தால் 45 நிமிஷம். இரண்டு தடவை பறப்பதற்கு நடுவே இரண்டு மணி நேரமாவது இளைப்பாற வேண்டும். நம் நாட்டிலும் பெங்களூரில் 1957-லேயே விமானப்படை இதற்கென்று ஒரு மருத்துவ நிலையத்தை ஆரம்பித்து, ஆகாயத்தில் மனித உடம்பு படுகிற பாட்டை ஆராய்ந்து வருகிறது.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று. பறக்கிற விமானத்தைப் பற்றிய கடைசி முடிவு அதன் தலைமை விமானியுடையது. ஆகாயத்தில் அவன்தான் ராஜா. அத்தனை அதிகாரத்தை நம்பி ஒப்படைத்த மனிதனிடமே, "வெயில் உனக்குத் தாங்குமா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் ஒப்படைக்கவில்லை. அவனுடைய வீரத்தின் மேல் சந்தேகம் என்பதால் அல்ல. மற்ற எதிரிகள் கையையோ காலையோ பிடிக்கிறார்கள். இந்த எதிரி முதலில் போய்ப் பிடிப்பது நீதிபதியை. நீதிபதி மயங்கிய பிறகும் கோர்ட்டு நடந்துகொண்டிருக்கிறது, தீர்ப்பும் வருகிறது. "முடியுதுங்க, இன்னும் நாலு கட்டுதானே."

பிராண வாயு குறைவதற்கும் இதே குணம் உண்டு. 1875 ஏப்ரல் மாதம் பிரான்ஸில் 'ஸெனித்' என்ற பலூனில் மூன்று பேர் ஏறினார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேலே போனார்கள். பிராண வாயுவைப் பைகளில் கொண்டுதான் போயிருந்தார்கள். அதை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் கை எழவில்லை. எழவில்லையே என்ற கவலையும் எழவில்லை. இருவர் இறந்தார்கள். பிழைத்தவர் திஸாந்தியே என்பவர். மேலே போகப் போகத் துன்பம் தெரியவில்லை, உள்ளே ஒரு சந்தோஷம்தான் பரவிற்று என்று பின்னால் எழுதி வைத்தார். சாவதற்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றுகிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

வெயிலை அளப்பதற்கு இன்று உலகமெல்லாம் வழங்குகிற கணக்கும் இப்படித் தலையசைக்கிற வாலிபர்களுக்காகப் பிறந்ததுதான். 1950-களில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிற முகாம்களில் புதுப் பையன்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். சார்ஜண்டு "ஓடு" என்றால் ஓடுகிற வயசு. முடியாது என்ற சொல்லே அங்கே கிடையாது. ஆகவே மூன்று உஷ்ணமானிகளை வெளியே வைத்தார்கள். ஒன்று, குமிழில் ஈரத்துணி சுற்றியது. அதற்குப் பத்தில் ஏழு பங்கு மதிப்பு. ஒன்று, கறுப்புப் பூசிய செப்பு உருண்டைக்குள் வைத்தது, வெயில் நேரே காய்ச்சுவதை அறிய. அதற்கு இரண்டு பங்கு. மூன்றாவது நாம் வழக்கமாகப் பார்க்கிறது; அதற்கு வெறும் ஒரு பங்குதான். நாம் ரேடியோவிலும் பத்திரிகையிலும் "இன்று வேலூரில் இத்தனை டிகிரி" என்று கேட்டுப் பயப்படுகிறோமே, அந்த எண்ணுக்கு உடம்பின் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான் மரியாதை! வேலூர்க்காரர் நாற்பத்திரண்டில் தப்புவார். எங்கள் ஊர்க்காரர் ஈரக் காற்றில் முப்பத்தாறில் விழுவார். வியர்வை வழிகிறது என்றால் உடம்பு குளிர்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். வழிகிற வியர்வை வீண். காய்கிற வியர்வைதான் குளிர்விக்கிறது.

மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவருக்கும் இந்தக் கணக்கில் எவ்வளவு வித்தியாசம் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92-ஆவது ஆண்டு விழாவை ஒட்டி மெரீனாவில் விமான சாகசங்கள். காலை பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை. லட்சக்கணக்கில் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு மணலில் நின்றார்கள். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று காலை ஏழு மணிக்கே போய் இடம் பிடித்துக்கொண்டது. ஆகாயத்தில் நடந்த விந்தைகளைப் பற்றி இரண்டு பேச்சு இல்லை. அத்தனை விமானிகளும் பத்திரமாக இறங்கினார்கள். கீழே பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். கூட்டம் கலையும்போது தண்ணீருக்கும் நிழலுக்கும் வண்டிக்கும் ஜனங்கள் பட்ட பாட்டைப் பத்திரிகைகளில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குடை, தண்ணீர், தொப்பி எல்லாம் கொண்டு வரும்படி முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது என்று பிறகு அரசாங்கத் தரப்பில் விளக்கம் வந்தது.

சொல்லியிருப்பார்கள், நான் மறுக்கவில்லை. நானும் அன்று வரப்பில் சொல்லத்தானே சொன்னேன்? குடை கொண்டு வா என்பது, முடியுமா என்று கேட்பதன் இன்னொரு உருவம். பறக்கிறவனுடைய உடம்பு அரசாங்கத்தின் சொத்து. விலை உயர்ந்த விமானம் அவன் கையில் இருக்கிறது. ஆகவே நிமிஷக் கணக்குப் போட்டு அவனைக் காக்கிறார்கள். நிற்கிறவனுடைய உடம்பு அவனுடைய சொந்தச் சொத்து. ஆகவே அவனே பார்த்துக்கொள்ளட்டும். இதற்குச் சுதந்திரம் என்று பெயர் கொடுத்துவிட்டால் கேட்கவும் நன்றாக இருக்கிறது.

சுதந்திரத்தைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறேன் என்று வாசகர்கள் எண்ணக்கூடாது. வயசு வந்த மனிதரை, உன் நன்மை எனக்குத் தெரியும் என்று இழுத்து உட்கார வைப்பது பொல்லாத பழக்கம். அதிலும் நிலத்துக்காரன் ஒருவன் கூலியாளிடம் அப்படிச் சொல்ல ஆரம்பித்தால், எங்கள் வட்டாரத்தின் பழைய சரித்திரம் முழுவதும் எழுந்து நின்று, "உனக்கு என்னடா யோக்கியதை?" என்று கேட்கும். கேட்கத்தான் வேண்டும். கீழ்வெண்மணி எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். 1968 டிசம்பர் 25-ஐ இங்கே யாரும் மறக்கவில்லை.

நானே இதை நேரில் அநுபவித்தேன். அடுத்த வருஷம் நடவு ஆரம்பிக்குமுன், பத்தரை மணிக்கு எல்லாரும் கரையேறிவிட வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டேன். பெண்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"நாங்க என்ன கொழந்தையா? எங்க உடம்பு எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி சொன்னதுதான் அசல் விஷயம்: "ஏக்கருக்கு இத்தனைன்னு பேசிக்கிட்டு வர்றோம். பத்தரைக்கு ஏறிட்டா மிச்சத்தை நாளைக்கு யாரு நடுறது? நாளைக்கு வேற ஊர்ல ஒத்துக்கிட்டிருக்கோமே."

விமானியைத் தரையில் நிறுத்தினால் அவன் சம்பளம் குறைவதில்லை. அவனைத் தடுக்கிற அட்டவணை அவனுக்குச் சோற்றையும் போட்டுவிட்டுத்தான் தடுக்கிறது. என் சட்டமோ இலவசச் சட்டம். அவர்கள் உயிரைக் காக்கிற செலவை அவர்கள் தலையிலேயே கட்டப் பார்த்தேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு கதாசிரியனுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிஷம். பிறகு உட்கார்ந்து பேசினோம். ஏக்கர்க் கணக்கை விட்டு நாள் கூலி. காலை ஐந்தரைக்கு இறங்குவது. எப்போது கரையேறினாலும் முழு நாள் கூலி. எனக்குச் செலவு கூடிற்று. எவ்வளவு என்று சொல்லித் தியாகிப் பட்டம் வாங்க உத்தேசமில்லை. குறுவை நெல்லில் லாபம் பார்த்தவர்கள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், "உம்மாலே கூலி ஏறிப்போச்சு ஓய்!" என்று நேரிலேயே சண்டை பிடித்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவருக்குக் கதை எழுதிச் சம்பாதிக்கிற வழி இல்லையே. இந்தச் செலவை ஒவ்வொரு வயல்காரனும் தனித்தனியே தாங்க முடியுமா, ஊரும் அரசாங்கமும் தாங்க வேண்டியதா என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி.

கீழ்வேளூர்க் கோயிலுக்குப் போனவர்களுக்கு அஞ்சுவட்டத்தம்மன் சந்நிதி தெரிந்திருக்கும். சூரனைக் கொன்ற பாவம் தீர முருகன் இங்கே தவம் இருந்தானாம். தவத்தில் இருக்கிறவனுக்கு வெளி உலகம் தெரியாது. எது வந்து தாக்கினாலும் தடுக்கக் கை எழாது. ஆகவே தாயார் நான்கு திசைகளையும் ஆகாயத்தையும் சேர்த்து ஐந்து வட்டமாக அவனைக் காத்து நின்றாள் என்பது தலபுராணம். சின்ன வயசில் இந்தக் கதை எனக்கு வேடிக்கையாக இருக்கும். அசுர சேனையையே ஒழித்த சாமிக்கு அம்மா காவலா என்று. இப்போது அந்தச் சந்நிதியில் நின்றால் வேறு மாதிரி தோன்றுகிறது. அம்மன் பிள்ளையிடம், "தனியாக இருக்க முடியுமா?" என்று கேட்டதாகப் புராணத்தில் இல்லை. ஆகாயத்தைக்கூட விடாமல் வளைத்தாள் என்றுதான் இருக்கிறது.

ஆனால் அவள் தாய். நான் நிலத்துக்காரன். காவல் நிற்க எனக்கு என்ன உரிமை என்ற சங்கடம் போகவில்லை. கடைசியில் அதற்கு வழி சொன்னதும் அந்தப் பெண்கள்தாம். "கரையேறுன்னு நீங்க சொல்ல வேணாம். ஆயா சொல்லட்டும்" என்றார்கள். ஆயா என்றது, அன்று சேற்றில் விழுந்தவளை.

இப்போது நடவு நாட்களில் அவள் பூவரச மரத்தடியில், என் பழைய நாற்காலியில், மோர்ப் பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் நாள் கூலி. மரத்தில் நான் இரண்டு உஷ்ணமானிகளை மாட்டியிருக்கிறேன். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கிறது. எந்தக் கோட்டைத் தொட்டால் கூப்பிட வேண்டும் என்று சிவப்பு மையால் அடையாளமும் போட்டுக் கொடுத்தேன். அவள் மரியாதைக்கு ஒரு தடவை அதைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் வயல் தண்ணீரில் காலை வைத்தாள்.

போன நடவில் ஒரு நாள் பத்து மணிகூட ஆகவில்லை. பாதரசம் என் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு டிகிரி கீழேதான் நின்றது. அவள் காலை எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறி, "ஏறுங்கடி எல்லாரும்!" என்று கத்தினாள்.

"இன்னும் நாலு கட்டுதான் ஆயா!" என்று வயலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏறுடீன்னா!"

நான் உஷ்ணமானியைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாகக் கரையேறினார்கள். கடைசியாக ஏறிய சின்னப் பெண் வாய்க்காலில் முகத்தைக் கழுவிக்கொண்டு, மோர்ச் சொம்பை வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாள்.